எள்ளுருண்டையும் ஒரு கொக்கி போல்ட்டும்

புனேயில் தாபோடிப் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குள் சாவித்ரி வீட்டு ஹல்தி-குங்குமத்துக்கு ஒரு தனி மவுசு உண்டு. மகர சங்கராந்தியில் தொடங்கி ரத சப்தமி வரைக்கும் புனே முழுக்க வீட்டுக்கு வீடு பெண்கள் கூடுவார்கள். நெற்றிக்கு மஞ்சளும் குங்குமமும், கைக்கு எள்ளுருண்டையும், போகும்போது 'வாண்' என்று ஒரு பரிசும் கிடைக்கும். வாண் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பிளாஸ்டிக் டப்பா, டீ வடிகட்டி, சோப்புப் பெட்டி, இந்த ரகம்தான். நாலு வீட்டுக்குப் போய்வந்தால் நாலு வடிகட்டி சேரும். அடுத்த வருடம் அதையே யார் தலையிலாவது கட்டிவிடலாம்.

சாவித்ரி இந்த ஊருக்கு வந்தது கல்யாணமான கையோடு. கணவர் கல்யாணசுந்தரத்துக்கு ராணுவப் பொறியியல் கல்லூரியில் கணக்குப் பிரிவில் வேலை. கும்பகோணத்தில் பி.ஏ. முடித்திருந்தவள், இங்கே வந்து காய்கறிக்காரியிடம் மராத்தியும் தொலைக்காட்சியில் ஹிந்தியும் கற்றுக்கொண்டாள். பிள்ளை கேஷவைப் படிக்கவைத்து பெங்களூருக்கு அனுப்பினாள். நிமிர்ந்து பார்த்தால் காதோரம் நரைத்திருந்தது. இவ்வளவுதானா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் அந்த வயதில்தான் பள்ளிக்கூடம் அவள் கைக்கு வந்துசேர்ந்தது.

வீட்டு வேலைக்கு வரும் நீலா ஒரு நாள் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட நேரத்தில் இவள் ஏன் இங்கே என்று சாவித்ரி கேட்டதற்கு, அங்கே பெண்கள் கழிப்பறைக்குக் கதவு கிடையாது, பெரிய பெண்களெல்லாம் மத்தியானமே வீட்டுக்கு ஓடிவந்துவிடுகிறார்கள் என்று பதில் வந்தது. சாவித்ரி நேரில் போய்ப் பார்த்தாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்கு இறங்கும் சரிவில், ஒரு சின்ன அறக்கட்டளை எப்போதோ கட்டிய பள்ளி. அறக்கட்டளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர, கட்டடத்தைக் கேட்க நாதியில்லை. தரைக்கல் பெயர்ந்து கிடந்தது. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. கொத்து வேலைக்கும் குப்பை பொறுக்கவும் போகிறவர்களின் பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடச் சங்கராந்திக்கு சாவித்ரி வடிகட்டி வாங்கவில்லை. வந்தவர்களுக்குக் குங்குமம் வைத்து, எள்ளுருண்டை கொடுத்து, இந்த முறை உங்கள் எல்லார் பேரிலும் வாண் ஒரு கழிப்பறைக் கதவாகப் போய்விட்டது என்று அறிவித்தாள். முதலில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு அதுவே நாகரிகமாகிவிட்டது. வனஜா தன் வீட்டு வாணைக் குழாயாகப் போட்டாள். வங்கி அதிகாரியின் மனைவி கனகவல்லி ஜன்னல் வலையாகப் போட்டாள். பக்கத்து வீட்டு மராத்திப் பெண்களும் சேர்ந்துகொள்ள, தரைக்கு ஷாஹாபாத் கல் வந்தது. பள்ளியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் ஏற்பட்டது. வனஜா குழாய், கனகவல்லி ஜன்னல். கதவு மட்டும் நீலாவின் கதவு. அந்தப் பெயரை வைத்தது சாவித்ரிதான். அப்படிப் பெரிய மனசோடு இருப்பதற்கு அப்போது அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை, ஏனென்றால் போட்டிக்கு ஆள் இல்லை.

தலைமையாசிரியை ராஜஸ்ரீ அதிகம் பேசாதவர். சாவித்ரியை 'காகூ', அதாவது மாமி என்பார்; சாவித்ரி அவரை 'பாயி', அதாவது டீச்சரம்மா என்பாள். எது உடைந்தாலும் முதல் போன் சாவித்ரிக்குத்தான் வரும். போனால் தன் மேஜைக்கு எதிரில் உட்காரவைத்து, நீலப்பூ போட்ட கோப்பையில் டீ கொடுப்பார். அந்தக் கோப்பையில் வேறு யாருக்கும் டீ கொடுத்து சாவித்ரி பார்த்ததில்லை. ஒரே ஒரு குறைதான். வருடா வருடம் ஹல்தி-குங்குமத்துக்கு அழைத்தும் ராஜஸ்ரீ ஒரு தடவைகூட வந்ததில்லை. அன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிறது காகூ என்பார். கொஞ்சம் தலைக்கனம் போல என்று சாவித்ரி நினைத்துக்கொள்வாள்.

எல்லாம் செய்தும் கூரை பாக்கி நின்றது. துருப்பிடித்த தகரம். மழைக்காலம் வந்தால் தாரைக் காய்ச்சி ஓட்டை அடைப்பார்கள். அடுத்த மழைக்கு வேறு இடத்தில் ஒழுகும். கூரையை மாற்றுவது வடிகட்டிக் காசில் நடக்கிற காரியம் இல்லை என்று சாவித்ரிக்குத் தெரியும். ஆனாலும் என்றைக்காவது தன் கையால் அதைப் போட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. வேண்டுதல் என்றே சொல்லலாம்.

இந்த இடத்தில்தான் ஸ்ரீரஞ்சனி வந்தாள். வந்தாள் என்பதுகூடத் தப்பு. சாவித்ரியே கையைப் பிடித்து அழைத்துப் போனாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

சிஞ்ச்வட்டில் ஒரு கொலுவில் பார்த்த பெண். கோயம்புத்தூர்க்காரி, ஐ.டி. கம்பெனியில் நல்ல வேலை, புனேவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஸ்கூல் ரிப்பேர் எல்லாம் பண்றீங்களாமே ஆன்ட்டி என்று அவள் கண்ணை விரித்துக் கேட்டதும் சாவித்ரிக்குக் குளிர்ந்துபோயிற்று. தான் செய்ததையெல்லாம் காட்ட ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அந்த வாரமே ஆட்டோ பிடித்தாள். வழியில் குடும்பம் பற்றி விசாரித்தபோது, கணவர் காலை நடைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்விட்டார் என்றும், அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் இந்த ஊருக்கு வந்ததாகவும் ஸ்ரீரஞ்சனி சொன்னாள். சாவித்ரி அவள் கையைத் தடவிக்கொடுத்தாள். அன்றைக்கு அந்தப் பரிவு உண்மையானதுதான்.

போன நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் வகுப்பில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்ததும் பிள்ளைகள் யாரும் சொல்லாமலேயே பைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு மூலைக்கு நகர்ந்தார்கள். சாவித்ரி ராஜஸ்ரீயிடம் தரைக்கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, ஸ்ரீரஞ்சனி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த மூலையில் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய ஹிந்தி படு கேவலம். ஆண்பால் பெண்பால் எல்லாம் தலைகீழ். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கிளம்பும்போது வாசல் வரைக்கும் ஒரு கூட்டம், 'தாயி, தாயி' என்று கூடவே ஓடிவந்தது. தாயி என்றால் மராத்தியில் அக்கா.

சாவித்ரியை ஆரம்பத்தில் மாவ்ஷி, அதாவது சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். எப்போது 'ஆஜி' ஆனாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. பாட்டி என்றால் பாட்டிதான், அதிலென்ன என்று அதுவரை இருந்தவளுக்கு, அன்றைக்கு அந்த 'தாயி' காதில் விழுந்ததும் சுருக்கென்றது.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப வேண்டாம். அதற்குப் பிறகு ஸ்ரீரஞ்சனி சனிக்கிழமைதோறும் தானாகவே பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். ஆபீஸ் நண்பர்களைக் கூட்டி வந்து சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாள். மின்சார வயரை மாற்றினாள். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சாவித்ரிக்குப் போன் போட்டு, இப்படிச் செய்யட்டுமா ஆன்ட்டி என்று கேட்டுக்கொண்டாள். அதுதான் இன்னும் எரிச்சல். கேட்காமல் செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒரு சனிக்கிழமை சாவித்ரி போனபோது, ராஜஸ்ரீயின் மேஜையில் அந்த நீலப்பூக் கோப்பை இருந்தது. அதிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தது ஸ்ரீரஞ்சனி. சாவித்ரிக்குக் கண்ணாடி டம்ளரில் வந்தது. அன்றிரவு கல்யாணசுந்தரம் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மார்கழி பிறந்ததும் இடி விழுந்தது. ஸ்ரீரஞ்சனி போனில் மூச்சு வாங்கப் பேசினாள். அவள் கம்பெனியில் கூரைக்குப் புதுத் தகரமும் தாங்குகிற இரும்புக் கம்பிகளும் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டார்களாம். கோடை விடுமுறைக்குள் வந்துவிடும். ஆனால் ஏற்றிப் பொருத்துகிற கூலி அதில் சேராது. சாவித்ரி வீட்டுச் சங்கராந்திக்கு வந்து, இந்த வருட வாணைக் கூலிக்குத் தர முடியுமா என்று எல்லாரிடமும் கேட்கலாமா என்றாள்.

சாவித்ரி பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த கையோடு சோபாவில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருடம் தான் கனவு கண்ட கூரை. நேற்று வந்தவள் ஒரு மின்னஞ்சலில் வாங்கிவிட்டாள். வகுப்பு நனையாமல் இருக்கப்போகிறது என்ற சந்தோஷம் ஒரு மூலையில் எட்டிப்பார்த்தது உண்மை. சாவித்ரி அதை உள்ளே வரவிடவில்லை.

சங்கராந்தி நெருங்கியது. சாவித்ரி எல்லாரையும் அழைத்தாள், ஸ்ரீரஞ்சனியைத் தவிர. காரணம் தயாராக இருந்தது. ஹல்தி-குங்குமம் சுமங்கலிகளுக்கு. நாம் என்ன செய்ய முடியும், வழக்கம் அப்படி. அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. தன்மேல் தப்பில்லாமல் ஒருத்தியை வெளியே நிறுத்திவைக்க முடிகிற நிம்மதி. இத்தனைக்கும் நாலு மாதத்துக்கு முன், விஷயம் தெரிந்த பிறகும், தன் வீட்டுக் கொலுவில் அவளுக்குத் தாம்பூலம் கொடுத்தபோது குங்குமத்தைத் தவிர்க்க வேண்டும் என்று சாவித்ரிக்குத் தோன்றவே இல்லை.

குங்குமத்துக்கு வந்த இடத்தில் வனஜாதான் கேட்டாள். "அந்தக் கோயம்புத்தூர்ப் பொண்ணு வரலையா மாமி?"

"எப்படிடி கூப்பிடறது? கூப்பிட்டுட்டுக் குங்குமம் குடுக்காம அனுப்பினா அவ மனசு கஷ்டப்படாதோ?" என்றாள் சாவித்ரி, குரலைத் தணித்து. கேட்டவர்கள் பாவம் என்று தலையாட்டினார்கள்.

பேச்சு வாணுக்கு வந்தது. கூரைக்குக் கம்பெனிக்காரர்கள் இருக்கிறார்கள், அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நாம் பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு இரும்பு கேட் போடுவோம் என்றாள் சாவித்ரி. கூலி சேராது என்ற விஷயத்தைச் சொல்லவில்லை. கேட் அழகாக இருக்கும் என்று கனகவல்லி சொன்னாள். தீர்மானமாகிவிட்டது. எள்ளுருண்டையைக் கொடுத்து இனிமையாகப் பேசுங்கள் என்று வாழ்த்துகிற அந்த ஊர் வழக்கப்படி, சாவித்ரி ஒவ்வொருத்திக்கும் வாழ்த்துச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் ராஜஸ்ரீ போன் செய்தார். எப்போதும்போல வர முடியாமல் போனதற்கு வருத்தம் சொல்லிவிட்டு, ஸ்ரீரஞ்சனி வந்து கூலி விஷயம் பேசினாளா என்று கேட்டார். சாவித்ரி அதே காரணத்தைச் சொன்னாள். புருஷன் இல்லாதவள், எப்படிக் கூப்பிடுவது, உங்களுக்குத் தெரியாததா பாயி என்றாள். சரி காகூ, என்று மட்டும் மறுமுனையில் கேட்டது.

ரத சப்தமிக்கு ராஜஸ்ரீயிடமிருந்து அழைப்பு வந்தது. பள்ளியில் முதல் முறையாக ஹல்தி-குங்குமம் வைக்கிறோம், பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் வருகிறார்கள், நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்றார். சாவித்ரிக்குத் தலைகால் புரியவில்லை. என்ன இருந்தாலும் ஆரம்பித்து வைத்தவள் நான்தானே, என்னைத்தான் முன்னால் உட்காரவைப்பார்கள் என்று கல்யாணசுந்தரத்திடம் சொல்லிவிட்டு, மாம்பழக் கலர்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள்.

முன்னால் நாற்காலி எதுவும் போடவில்லை. எல்லாரும் தரையில்தான். அவள் போட்ட ஷாஹாபாத் கல்லில் நூறு பெண்களுக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நீலா நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தாள். சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், குப்பை வண்டியோடு போகிறவர்கள், புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள், செத்துப்போனவர்களின் மனைவிகள், எல்லாரும் தலைக்கு எண்ணெய் தடவிச் சீவி வந்திருந்தார்கள். ஸ்ரீரஞ்சனி கையில் குங்குமத் தட்டோடு வரிசையாக வந்துகொண்டிருந்தாள். யாரிடமும் எதுவும் விசாரிக்காமல் எல்லா நெற்றியிலும் வைத்தாள். சில பெண்கள் முதலில் பின்வாங்கி, பிறகு கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டினார்கள். ஒருத்தி வாய்விட்டு அழுதாள். என் வீட்டுச் சாமானை எடுத்து என் கண்ணெதிரிலேயே புழங்குகிறாள் என்று சாவித்ரிக்கு எரிச்சலாக வந்தது. தன்னைவிட நன்றாகப் புழங்குகிறாள் என்பதுதான் அந்த எரிச்சலின் உண்மையான காரணம்.

தட்டு சாவித்ரிக்கு முன்னால் வந்தது. ஸ்ரீரஞ்சனி குனிந்தாள். கையை நீட்டவில்லை.

"ஆன்ட்டி, உங்களுக்கு நான் வைக்கலைங்க. உங்க வீட்டு வழக்கம் எனக்குத் தெரியுமுங்க, வனஜாக்கா சொன்னாங்க," என்றாள் மெதுவாக. அந்தக் குரலில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்று சாவித்ரிக்கு ஏக்கமாக இருந்தது. "பாயியைக் கூப்பிடறேன், அவங்க வெச்சு விடட்டும்."

ராஜஸ்ரீ வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு சாவித்ரியின் எதிரில் உட்கார்ந்தார். அவர் கழுத்தில் மெல்லிய தங்கச் சங்கிலி ஒன்று இருந்தது. கறுப்பு மணி கோத்த தாலி இல்லை. இத்தனை வருடமாக எதிரில் உட்கார்ந்து டீ குடித்தவள் அதை இப்போதுதான் பார்த்தாள்.

"என்னாலும் முடியாதே காகூ," என்றார் ராஜஸ்ரீ மராத்தியில். "நீங்கள் கதவு போட முதல் தடவை இங்கே வருவதற்கு முன்னாலேயே அவர் போய்விட்டார்."

குரலில் கோபம் இல்லை. சொல்ல வேண்டிய ஒரு தகவலைச் சொல்கிற குரல். இன்ஸ்பெக்‌ஷன், இன்ஸ்பெக்‌ஷன் என்று வருடா வருடம் கேட்டது சாவித்ரியின் காதில் வரிசையாகத் திரும்பி வந்தது. உங்களுக்குத் தெரியாததா பாயி என்று தான் சொன்னதும் வந்தது. நீலா தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த நேரத்தில்கூட சாவித்ரியின் மனசு என்ன கணக்குப் போட்டது என்று சொல்லிவிடுவதுதான் நியாயம். எழுந்து போனால் இந்தப் பள்ளிக்குள் இனிமேல் காலெடுத்து வைக்க முடியாது. புருஷன் இருக்கிற நீலாவை விட்டுக் குங்குமம் வைக்கச் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எதிரே குனிந்து நிற்கிற ஸ்ரீரஞ்சனி தன் அவமானத்தை விழுங்கிக்கொண்டு மற்றவளின் வழக்கத்தைக் காப்பாற்றுகிறாள். இந்த இடத்திலும் அவளே பெரிய மனுஷியாகிவிட்டுப் போவதா? அதை மட்டும் சாவித்ரியால் தாங்க முடியவில்லை.

"நீயே வைடி," என்றாள். "வழக்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான்தான் உன்னைக் கூப்பிடலை."

ஸ்ரீரஞ்சனிக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. நெற்றியில் வைத்தாள். குங்குமம் கொஞ்சம் மூக்கின் மேல் சிந்தியது. அதைத் தன் கைக்குட்டையால் துடைத்தும் விட்டாள்.

பிறகு வாண் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெண் கையிலும் ஒரு எள்ளுருண்டை, ஒரு கொக்கி போல்ட். தகரத்தைக் கம்பியோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்குமே, அந்த வளைந்த போல்ட். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாததால் கூரையை நாமே ஏற்றப்போகிறோம் என்று ராஜஸ்ரீ அறிவித்தார். கட்டட வேலை தெரிந்தவர்கள் இந்தக் குடிசைப் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு போல்ட்டைக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மே மாதம் அதோடு வந்து சேருங்கள் என்றார். பெண்கள் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். வடிகட்டியை நிறுத்தி வாணைப் பள்ளிக்குத் திருப்பியது சாவித்ரிதான் என்றும் ராஜஸ்ரீ சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். சாவித்ரியின் கையிலும் மற்றவர்களுக்குக் கொடுத்த அதே அளவில் ஒரு போல்ட் இருந்தது.

மே மாதம் கூரை ஏறியது. கேட் போடும் யோசனையைக் கைவிட்டு அந்த வாணைச் சிமெண்டுக்கும் வேலை செய்கிறவர்களின் சாப்பாட்டுக்கும் மாற்றினாள் சாவித்ரி. ஏன் மாற்றினோம் என்று வனஜா கேட்டதற்கு, கூலி சேராதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாள். வனஜா அதற்குமேல் தோண்டவில்லை. சாவித்ரி தன் போல்ட்டைத் தலைமையாசிரியை மேஜைக்கு நேர் மேலே போடச் சொல்லி மேலே இருந்தவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். போட்டு முடித்ததும், ஸ்ரீரஞ்சனியினுடையது எங்கே என்றும் விசாரித்தாள். மூன்றாம் வகுப்பு மூலையில், முன்பு ஒழுகிய இடத்தில், என்றார்கள். அட, அந்த இடம் எனக்குத் தோன்றவில்லையே என்று ஒரு நிமிஷம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அடுத்த ஜனவரியில் சாவித்ரி ஸ்ரீரஞ்சனியை முதல் ஆளாக அழைத்தாள். அவளும் விடியற்காலையிலேயே வந்து எள்ளுருண்டை பிடிக்க உட்கார்ந்துவிட்டாள். ராஜஸ்ரீக்கு சாவித்ரியே போன் போட்டாள். இந்த வருடம் எல்லாருக்கும் உண்டு பாயி, யாருக்கும் விலக்கு இல்லை, நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

"இன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிறதே காகூ," என்றார் ராஜஸ்ரீ, எப்போதும்போல மரியாதையாக.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாவித்ரி போனை வைத்தாள். கூடத்தில் ஸ்ரீரஞ்சனி வந்தவர்களுக்கெல்லாம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். வீடு நிறையச் சிரிப்பு. இவள் கூப்பிட்டிருந்தால் ராஜஸ்ரீ வந்திருப்பாரோ என்று சாவித்ரிக்குத் தோன்றியது. போனை அவளிடம் கொடுத்து, நீ ஒரு தடவை கூப்பிட்டுப் பாரேன் என்று சொல்லலாம்தான். அவள் சொல்லுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், சாவித்ரி போனைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு எள்ளுருண்டைத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.